இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது

கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்க்கிறது என்று உலகம் நம்புகிறது. பூமி தட்டை என்று நம்பியவர்களால் யாருக்கும் பெரிய சேதம் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இந்த நம்பிக்கை மனித குலத்துக்கு விளைவித்த கேட்டை இன்னும் ஒருவரும் உரிய கவனத்தோடு ஆராயவில்லை என்பதை ஆழ்ந்த வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. நான் எழுதிய புரோகிராமாவது அப்படிப்பட்டதல்ல. அது ஒரே ஆள் நடத்துகிற டீக்கடை. மாஸ்டர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அது பொங்கும்வரை முன்னால் நின்று முறைத்துக்கொண்டிருக்க மாட்டார். வடையைத் திருப்பிப் போடுவார், கிளாஸ் கழுவுவார், பெஞ்சைத் துடைப்பார், பால் பொங்கியதும் திரும்பி வருவார். பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிற மாதிரி இருக்கும். உண்மையில் ஒவ்வொரு வேலையும் தானாக ஒதுங்கி அடுத்த வேலைக்கு வழி விடுகிறது, அவ்வளவுதான். விடாவிட்டால் கழுத்தைப் பிடித்துத் தள்ள அங்கே ஆள் இல்லை. முழுக்க முழுக்க மரியாதையை நம்பி நடக்கிற ஏற்பாடு. இப்போது மாஸ்டர் ஏதோ ஒரு சட்டியின் முன்னால் நின்றுவிட்டார். நின்றவர் நின்றபடி இருக்கிறார். கட்டிலில் சாய்ந்திருக்கும் என் அண்ணன் ஆவுடையப்பன் எதிரே இருக்கும் திரையில் கண்ணால் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டான். 'டிக்' என்று சத்தம் வந்தது. அது தேர்வு முடிந்த சத்தம், அது எனக்கு மட்டும்தான் தெரியும், நான் வைத்த சத்தம். ஒலிக்க வேண்டிய சொல் வரவில்லை. திரை அண்ணனைப் பார்த்து இருக்கிறது. எங்களுக்குத் தெரிவது திரையின் முதுகும், அதன் வெளிச்சம் விழுந்த அவன் முகமும்தான். வீட்டுக்கே வந்திருக்கும் டாக்டர் ஜெபமணி அம்மா, மதினி, மதினியின் அண்ணன் குத்தாலிங்கம், நான் என்று நான்கு பேர் ஒரு பெட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கேள்வி எளிமையானது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து மிஷினில் மூச்சு விட வைக்கலாமா, வேண்டாமா. வைத்தால் வருஷக் கணக்கில் இருக்கலாம். வைத்த பிறகு அதை விட்டு வருவது நடக்கிற காரியமில்லை. வைக்காவிட்டால் அடுத்த சளி போதும். டாக்டர் அம்மா எதையும் பூசி மெழுகவில்லை. "திடீர்னு மூச்சு முட்டினா அப்ப பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்கதான் முடிவெடுப்பாங்க. பெரும்பாலும் பயத்துல எடுப்பாங்க. அதுக்கு முன்னாடி சார் வாயால எனக்குத் தெரியணும்" என்றார். வாயால் என்பது ஒரு வழக்குதான். அண்ணனின் வாய் போன ஆவணியிலிருந்தே எந்த விவகாரத்திலும் கலந்துகொள்வதில்லை. இந்த நரம்பு நோய் அவனிடம் விட்டுவைத்தது கண்ணையும் புத்தியையும் மட்டும். கண்ணைச் சிமிட்டிச் சொல்லட்டுமே என்று குத்தாலிங்கம் காலையில் ஒரு யோசனை சொன்னார். அண்ணன் திரையில் வரும் சொற்பலகையில் ஒவ்வொரு சொல்லாகக் கண்ணால் தேடி எடுத்து, "தூசி. விழுந்தாலும். சிமிட்டுவேன். செல்லாது" என்றான். பாளையங்கோட்டை கோர்ட்டில் இருபது வருஷம் கத்தியவன். தன் இமையைக்கூட நம்பத்தகாத சாட்சி என்று தள்ளுபடி செய்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்ததா என்று நினைவில்லை. கொஞ்ச நாளாக எனக்கு எதுவும் வந்து சேருவதில்லை. அழ வேண்டிய இடத்தில் கொட்டாவி வருகிறது. நோயின் பெயரை முதலில் கேட்ட அன்று நான் வீட்டுக்கு வந்து மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன் என்று மதினி சொல்கிறாள். செய்திருக்கலாம். ரெகுலேட்டர் இப்போது நன்றாக வேலை செய்கிறது.

அந்தச் சட்டி எது என்று பார்ப்போம். கண்ணைப் பார்க்கும் கேமரா அல்ல. அது பார்த்து முடித்ததால்தான் 'டிக்' வந்தது. ஒலிபெருக்கி அல்ல, காலையில் பேசியது. மிச்சம் இருப்பது ஃபைல். அண்ணன் பேசுவது மிஷின் குரலில் அல்ல, அவன் சொந்தக் குரலில். குரல் இருந்த காலத்திலேயே ஒவ்வொரு சொல்லாகச் சொல்லவைத்துப் பதிவு செய்து வைத்தேன். முதலில் கம்ப்யூட்டரே பேசுகிற குரல் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். "யாருலே இவன், மெட்ராஸ்காரன், மூக்கடைச்சவன் மாதிரி. இவன் பேசினா எங்கட்சிக்காரனே எனக்கு எதிரா வக்காலத்து போட்டிருவான்" என்றான். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு ஃபைல். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது எல்லாம். இங்கேதான் உலகத்தின் இரண்டாவது தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. இப்படி வழிவிட்டு வழிவிட்டு ஓடுகிற புரோகிராமில் எதையும் கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம், தயாரானதும் அது கூப்பிடும் என்று எழுதுகிறவர்களே நம்புகிறார்கள். நெட்வொர்க் அப்படித்தான், இன்னும் வரவில்லை, போய் வேறு வேலை பார் என்று நேர்மையாகச் சொல்லும். டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் அப்படியில்லை. அது தயாரா என்று கேட்டால் எப்போதும் தயார் என்றுதான் பதில். எந்த நேரம் கேட்டாலும் தயார். நம்பிப் போய்க் கை நீட்டினால் அங்கேயே நிற்க வேண்டியதுதான், அது எடுத்துக் கொடுக்கும்வரை. இதை ஒரு சாயங்காலம் அண்ணனிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அவனுக்கு இடது கை மட்டும் போயிருந்தது. "அப்ப பொய்ச் சாட்சில்லா?" என்றான். "பொய் இல்லண்ணே. தயார்தான். எடுக்கத்தான் நேரமாகும்." "இதத்தாம்லே எங்க கோர்ட்டு குமாஸ்தாவும் சொல்லுதான். கேஸ் கட்டு தயாரா இருக்கு சார்ங்கான். எங்கடான்னு கேட்டா ரெக்கார்டு ரூம்ல தயாரா இருக்குங்கான்." பிறகு ரொம்ப நேரம் சிரித்தான். சிரித்து இருமினான். இருமல் நிற்கவில்லை. அந்த இருமலை நான் இப்போதும் கேட்கிறேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கேட்கவில்லை. எனக்குக் கேட்பது கட்டிலுக்கு அடியில் டிஸ்க் போடும் சத்தம். டக். பிறகு ஒரு முனகல். மறுபடி டக். படிக்க முடியாத இடத்தில் ஊசி போய்ப் போய்த் திரும்புகிற சத்தம்.

"மாப்பிள்ளை யோசிக்காரு" என்றார் குத்தாலிங்கம். வள்ளியூரில் உரக்கடை வைத்திருப்பவர். மௌனத்தை அவரால் தாங்க முடியாது. எங்கே கண்டாலும் அதில் எதையாவது கொட்டிவிடுவார். "யோசிக்கட்டும். அவசரமே இல்ல. ஆனா ஒண்ணு டாக்டரம்மா, ஒண்ணும் சொல்லலன்னா சரின்னுதான அர்த்தம்? பொண்ணு தலையக் குனிஞ்சா சம்மதம்னுதான தாம்பூலம் மாத்துதோம்?" மதினி திரும்பவே இல்லை. "நீ சும்மா இரிண்ணே. எனக்கு அன்னைக்குக் கழுத்து சுளுக்கு. அதான் குனிஞ்சேன்." டாக்டர் அம்மா சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்புக்கான தசைகள் எதுவும் மிச்சமில்லை. கண் மட்டும் மதினி பக்கம் போய்விட்டுத் திரும்பத் திரைக்கு வந்தது. திரையில் இப்போது என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் தெரியாது. ஒரு சொல்லைத் தேர்ந்ததும் பலகையைத் துடைத்துவிட்டு, குரலை எடுத்து, பிறகுதான் அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் காட்டச் சொல்லியிருக்கிறேன். துடைத்தாயிற்று. எடுப்பதில் நிற்கிறது. காட்டுவது அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. கேமராவும் அதற்குப் பின்னால் நிற்கிறது. அதனால் இப்போது அண்ணன் எங்கே பார்த்தாலும் ஒன்றும் நடக்காது. காத்திரு என்று அவன் எங்களிடம் சொல்லக்கூட முடியாது. வெள்ளைத் திரை. அவன் சொல்லிவிட்டான். அவன் சொல்லிவிட்டது இந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவனால் பேச முடியாது. இன்னொருவன் நான்.

இப்படி ஆகாமல் தடுக்க வழி உண்டு. ஃபைலை எடுக்க மாஸ்டர் தானே போகக் கூடாது. ஓரமாக ஒரு ஆளை உட்காரவைத்து, நீ போய் நில், கிடைத்ததும் வந்து சொல் என்று அனுப்ப வேண்டும். காத்திருப்பதற்கென்றே சம்பளமில்லாத ஆட்கள். நான் செய்திருக்கிறேன். எல்லா இடத்திலும் செய்திருக்கிறேன் என்று நேற்றுவரை சத்தியம் செய்திருப்பேன். சோதித்தும் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லையும் சொல்லவைத்தேன், உடனுக்குடன் வந்தது. எங்கள் தொழிலில் மட்டுமே செய்யக்கூடிய பிழை ஒன்று உண்டு. ஒரு ஃபைலை ஒருமுறை படித்துவிட்டால் கம்ப்யூட்டர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டாவது முறை டிஸ்க்குக்கே போகாது. நாங்கள் சோதிப்பது எப்போதும் இரண்டாவது முறையைத்தான். முதல் முறை எவ்வளவு நேரம் எடுத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. ஏதோ தடங்கல் என்று இன்னொரு தடவை ஓட்டுவோம், ஓடும், சரியாகிவிட்டது என்று எழுந்து டீ குடிக்கப் போவோம். ஆக, ஏதோ ஒரு ஓரத்தில், ஆள் அனுப்பாமல் மாஸ்டரே போய் நிற்கிற வரி ஒன்று இருக்கிறது. எந்த வரி என்றுகூட ஊகிக்க முடிகிறது. அடிக்கடி சொல்லும் சொற்கள் காலையில் ஆன் செய்யும்போதே நினைவுக்கு வந்துவிடும். இதுவரை ஒருமுறையும் சொல்லாத சொல்லுக்குத் தனி வழி வைத்தேன். அந்த வழியில் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்திருப்பேன். யாரும் வராத வழியில் விளக்கு எதற்கு என்று முனிசிபாலிட்டி நினைப்பதுபோல.

இங்கே யோசனை முட்டிக்கொண்டு நின்றது. திரும்பப் போனேன். இதுவரை ஒருமுறையும் சொல்லாத சொல். 'வேணும்' அண்ணன் தினமும் சொல்கிற சொல். தண்ணீர் வேணும், ஃபேன் வேணும், தலையணை வேணும். 'வேண்டாம்' அதைவிட அதிகம். குத்தாலிங்கம் வந்து தங்குகிற நாட்களில் இன்னும் அதிகம். 'சரி', 'கிடையாது', 'போதும்', 'பொறு', எல்லாம் நினைவில் சூடாக இருப்பவை. எதைச் சொல்லியிருந்தாலும் விரலைச் சொடுக்குவதற்குள் வந்திருக்கும். டிஸ்க் ஓடுகிறது என்றால் அண்ணன் இவற்றில் எதையும் சொல்லவில்லை. குழாய் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டதற்கு வேணும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேறு எதையோ சொல்லியிருக்கிறான். பதிவு செய்த பிறகு ஒருமுறைகூட அவனுக்குத் தேவைப்படாத எதையோ. என் உள்ளங்கால் சில்லென்று ஆனது. அது பயமா என்று சோதித்துப் பார்த்தேன், தரை டைல்ஸ் என்று தெரிந்தது. செருப்பைக் கழற்றியிருந்தேன்.

என் வலது கைக்குப் பக்கத்தில் சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் புரோகிராம் நின்று புதிதாகத் தொடங்கும். இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம். பலகை திரும்ப வரும், அண்ணன் திரும்பத் தேர்ந்தெடுக்கலாம். என் இடத்தில் என் ஆபீஸில் யார் இருந்தாலும் இதற்குள் அழுத்தியிருப்பார்கள். நின்றுபோனதைத் தட்டி எழுப்புவது நாங்கள் பிறந்ததும் கற்றுக்கொள்கிற வித்தை. அழுத்தினால் கையில் இருக்கிற சொல் போய்விடும். போனால் என்ன, மறுபடி சொல்வான். சொல்வானா? அண்ணன் ஒருமுறை சொல்லியிருக்கிறான், சாட்சி உண்மையைச் சொன்ன உடனே எதிர்த்தரப்பு வக்கீல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பது. "இன்னொரு தடவை சொல்லும்போது எவனும் அதையே சொல்ல மாட்டாம்லே. சட்டையச் சரி பண்ணிக்கிட்டுச் சொல்லுவான்." பொத்தானை அழுத்தினால் அவன் சட்டையைச் சரி செய்துகொள்வான். மதினி முகத்தைப் பார்ப்பான், மச்சான் முகத்தைப் பார்ப்பான், இரண்டு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பான், அது உடனே வரும், எல்லாரும் எழுந்து போகலாம். என் விரல் பொத்தானின் மேல் இருந்தது என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தேன். யாருடைய விரலோ போல இருந்தது. அந்த மூன்றாவது சொல் எனக்குத் தெரிய வேண்டாம் என்று அந்த விரல் நினைத்தது. எனக்கு எதிலும் அபிப்பிராயம் இல்லை. விரலை எடுத்து முழங்காலில் வைத்தேன். டக் என்றது டிஸ்க். படிக்க முடியாமலே போகலாம். பத்து தடவை முயன்றுவிட்டு, மன்னிக்கவும், இந்த ஃபைல் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டால்? அப்போது அவன் எதைச் சொன்னான் என்பது டிஸ்க்குக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

டாக்டர் அம்மா எழுந்தார். எழுந்து கட்டில் பக்கம் போய் அண்ணனின் கையைத் தொட்டார். "சார், உங்களக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு நினைக்கிறேன். உங்க வீட்டுக்காரங்க சம்மதமா இருக்காங்க. நீங்களும் சரின்னுதான் இருக்கீங்கன்னு நான் எடுத்துக்கட்டுமா? நாளைக்கே ஆபரேஷன் தியேட்டர் ஒதுக்கச் சொல்லிடுறேன்." அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொல்கிறவர்கள் யாருக்கும் வழி விடுவதில்லை. அண்ணனின் கண் டாக்டரிடம் போயிற்று, திரைக்கு வந்தது, என்னிடம் வந்தது. என்னிடம் வந்து நின்றது. குத்தாலிங்கம், "ஆமா, அதான், எழுதிக்கிடுங்க" என்றார். என் வாய் திறந்தது. நான் சொல்ல நினைத்தது, ஒத்துழைப்பு அடிப்படையில் இயங்கும் நிரல்களில் வட்டிலிருந்து வாசிப்பது என்பது எப்போதும், என்று தொடங்குகிற ஒரு நீண்ட வாக்கியம். வந்தது வேறு. "வரும் டாக்டர். அண்ணன் சொல்லிட்டான். இன்னும் படிச்சுக்கிட்டிருக்கு." டாக்டர் அம்மா திரும்பினார். "சொல்லிட்டாரா? எப்ப?" "குத்தாலிங்கம் மாமா கல்யாணக் கதை சொல்றதுக்கு முன்னாடியே." "இதச் சொல்லதுக்கு இம்புட்டு நேரமா, சின்ன மாப்ளே?" என்றார் குத்தாலிங்கம். "உம்ம மிஷினும் உம்மள மாதிரியே இருக்கு. உள்ள எல்லாம் ஓடுது, வெளிய ஒண்ணும் வர மாட்டேங்கு." இது சரியான விமர்சனம். நான் மறுக்கவில்லை.

மதினி என் பக்கம் திரும்பினாள். உலகம்மாள் என்று அவள் பெயர். இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. "தம்பி, என்ன சொன்னாக? வேணும்னா, வேண்டாம்னா?" "தெரியல மதினி." "உங்களுக்கா தெரியாது?" "ரெண்டும் இல்ல. அது மட்டும் தெரியும். ரெண்டுல ஒண்ணா இருந்தா உடனே வந்திருக்கும்." அவள் அதைப் புரிந்துகொள்ள முயலவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டாள். "ரெண்டும் இல்லாம மூணாவது என்னவே இருக்கு?" என்றார் குத்தாலிங்கம், முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி. டாக்டர் அம்மா கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்தார். கட்டில் கிறீச்சிட்டது. தெருவில் ஒருவன் கோலமாவு, கோலமாவு என்று கத்திக்கொண்டு போனான். சத்தம் தேய்ந்துபோனது. நான்கு பேரும் கட்டிலுக்கு அடியிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். டக். முனகல். டக். காத்திருப்பதற்கென்று ஓரமாக ஆட்களை உட்காரவைக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒரு கொட்டாவி வந்தது. வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாய்க்குள் கொட்டாவி எங்கோ போய் முட்டி, கண்ணில் தண்ணீராக நின்றது. உடலியல்படி இது சாதாரணம்.

பிறகு டிஸ்க்கின் சத்தம் மாறியது. முனகல் ஒரே சீராக நீண்டது. திரையின் வெளிச்சம் அண்ணன் முகத்தில் ஒருமுறை அசைந்தது. அறைக்குள் அவன் குரல் வந்தது. நோய்க்கு முந்தைய குரல். கோர்ட்டில் கடைசி பெஞ்சுவரை கேட்ட, நெஞ்சிலிருந்து வருகிற, கொஞ்சம் வெற்றிலை போட்ட குரல். "பயமா இருக்கு" என்றது. அதோடு நிற்கவில்லை. மற்ற எல்லாச் சொற்களுக்கும் பதிவின் வாலை வெட்டியிருக்கிறேன். இதை ஒருவரும் கேட்கப்போவதில்லை என்று வெட்டாமல் விட்டிருக்கிறேன் போலிருக்கிறது. பதிவு செய்த அன்றைக்கு இருந்த அண்ணன், இரண்டு காலும் இரண்டு கையும் குரலும் உள்ள அண்ணன், சொல்லி முடித்ததும் வாய்விட்டுச் சிரித்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது. "இதெல்லாம் எதுக்குலே? நான் யார்ட்ட போயிச் சொல்லப்போறேன்? ம், சரி சரி, அடுத்தது சொல்லு" என்றான். கட்டிலில் இருந்த அண்ணனின் கண் திரையை விட்டு எங்கள் பக்கம் வந்தது. ஒவ்வொருவராகப் பார்த்தது. அவசரமில்லாமல் பார்த்தது. குத்தாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். மதினி எழுந்து போய் அவன் தலைமாட்டில் நின்றாள். டாக்டர் அம்மா அவன் பக்கம் திரும்பி, "எது சார்? குழாயா, குழாய் இல்லாம இருக்கிறதா? ஒவ்வொண்ணா கேட்கிறேன், மெதுவா சொல்லுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் டாக்டர் ஜெபமணியின் கிளினிக்கில் டோக்கன் வாங்கியிருந்தவர்கள் இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் வருவதாகக் கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.